பலகை இருந்தது

பாதையில் வெட்டிப் போட்ட பச்சைக் கிளையைக் கண்டால் இன்றைக்கும் என் வலது கால் தானாக முன்னால் நீண்டு மிதிக்கிறது. எனக்கு வாகனம் ஓட்டத் தெரியாது. அலுவலக வாகனத்தில் சாரதிக்குப் பக்கத்து ஆசனத்தில் இருந்துகொண்டு, இல்லாத பிரேக்கை மிதிக்கிற பெண் நான். போன மாதம் நாவுலப் பக்கம் போகும்போதும் அப்படித்தான். மரக்கறி ஏற்றிய லொறி ஒன்று டயர் வெடித்து ஓரமாக நின்றது. அதன் ஆட்கள் கொஞ்சத் தூரம் தள்ளி நாலைந்து வேப்பங்கிளைகளை முறித்துப் பாதையில் போட்டிருந்தார்கள். எங்கள் சாரதி வேகத்தைக் குறைத்து, லொறியைச் சுற்றிக்கொண்டு, வானொலிப் பாட்டுக்குத் தலையாட்டியபடியே போனார். என் கால் மட்டும் விறைத்துப்போய் அப்படியே இருந்தது. "என்ன மிஸ், காலு மரத்துப் போச்சா?" என்று கேட்டார். ஓம் என்றேன். இந்த ஏழு வருஷத்தில் நான் சொன்ன பொய்களில் அது மிகச் சிறியது.

நான் வீதி வேலைகளைப் பார்க்கும் தொழில்நுட்ப உத்தியோகத்தர். யாழ்ப்பாணத்திலிருந்து முதல் நியமனத்தில் மாத்தளைக்கு வந்தேன். ரத்தோட்டைக்கு மேலே ரிவர்ஸ்டன் பக்கம் ஏறுகிற பாதையில் ஒரு துண்டு என் பொறுப்பு. மதகு, வடிகான், அணைச்சுவர், பலகைகள் எல்லாம் அதில் அடக்கம். இவற்றுள் பலகை நடுவதுதான் மிகச் சுகமான வேலை. மதகு இடிந்தால் யார் கட்டியது என்று கேட்பார்கள். வடிகான் அடைத்தால் யார் பார்த்தது என்று கேட்பார்கள். பலகை நட்டவரை மட்டும் யாரும் எதுவும் கேட்பதில்லை. பிடுங்கினவரைத்தான் கேட்பார்கள். பிடுங்கிய மறுநாள் அந்த இடத்தில் ஒருவர் விழுந்துவிட்டால் கையெழுத்தைத் தேடிக்கொண்டு வருவார்கள். ஆகவே எங்கள் அலுவலகத்தில் எவரும் எந்தப் பலகையையும் லேசில் பிடுங்குவதில்லை. ஒவ்வொரு பெருமழைக்கும் மண்சரிவு அபாயம் என்று மஞ்சள் பலகை வைத்தோம். மழை போனது, மண்ணை அள்ளினோம், சுவர் கட்டினோம், பலகை அங்கேயே நின்றது. என் துண்டில் மண் சரிந்த இடங்களைவிட மண் சரியும் என்று சொல்லும் பலகைகள் அதிகம்.

தேவையான இடத்தில் நின்ற பலகைகளிலும் குழப்பத்துக்குக் குறைவில்லை. ஓர் இரட்டை வளைவில், முதலில் இடம் பிறகு வலம் என்று பலகை சொன்னது. பாதையோ முதலில் வலப்பக்கம் திரும்பியது. வேலையை ஒப்பந்தத்தில் எடுத்த கொந்தராத்துக்காரரின் ஆட்கள் மேலே நட வேண்டியதைக் கீழேயும் கீழே நட வேண்டியதை மேலேயும் நட்டுவிட்டுப் போயிருந்தார்கள். பாதை இரண்டாகப் பிரியும் இன்னோர் இடத்தில் ரிவர்ஸ்டனுக்கு அம்புக்குறி போட்ட பலகை ஒன்று, இரண்டு பாதைகளுக்கும் நட்டநடுவில் இருந்த தேயிலை மலையைக் காட்டிக்கொண்டு நின்றது. சீகிரியாப் பக்கத்திலிருந்து உல்லாசப் பயணிகளை ஏற்றி வரும் வான்காரர்கள் அதை நம்பித் தோட்டத்துத் தொழிற்சாலை வாசலில் போய் நிற்பார்கள். அங்கிருந்த காவல்காரர் வாகனத்தைக் கண்டதும் எழும்பிக்கூட வராமல் கையை மட்டும் பின்னால் காட்டுவார். இவை எல்லாவற்றையும் நான் எழுதி அனுப்பினேன். எழுதி அனுப்பினேன் என்பதோடு என் கடமை முடிந்துவிட்டதாகவும் நினைத்தேன். என் தலைமுறை உத்தியோகத்தரின் வியாதி அது.

இந்தப் பலகைகளை எனக்கு வாசித்துக் காட்டியவர் ஒரு பஸ் சாரதி. மாத்தளையிலிருந்து காலை ஆறரைக்குப் புறப்படும் தனியார் பஸ்ஸை ஓட்டினார். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது கூடியவர். தோட்டத்தில் பிறந்த கத்தோலிக்கர். கண்ணாடிக்கு மேலே மாதா படமும், முதலாளி ஒட்டிய பிள்ளையார் படமும் சேர்ந்தே ஆடிக்கொண்டிருக்கும். நடத்துனராக இருந்தவர் அவருடைய மச்சான், மனைவியின் அண்ணன். இரண்டு பேரும் முதலில் சிநேகிதர்கள், பிறகுதான் உறவு. மச்சான் பெரிய உருவம். பஸ்ஸுக்குள்ளே எவ்வளவு இடம் இருந்தாலும் மிதிபலகையில் நின்றுதான் வருவார். தகரத்தில் ஒரு தட்டுத் தட்டினால் நிற்கவேண்டும், இரண்டு தட்டினால் போகவேண்டும். அந்தப் பஸ்ஸில் பிழையில்லாத குறியீடு அது ஒன்றுதான் என்று சாரதி அண்ணன் சொல்வார்.

முன் ஆசனம் எனக்கு என்று ஒரு வழக்கம் ஆகிவிட்டது. அவருக்கு என்னைச் சீண்டுவதில் ஒரு சந்தோஷம். வழுக்கும் பாதை என்று காட்டும் பலகையில் ஒரு கார் நெளிந்து நெளிந்து போகும். "இது குடிச்சிட்டு ஓட்டுறவனுக்கு மிஸ். டயரு போற போக்க பாருங்க" என்பார். அந்த இரட்டை வளைவு வரும்போது, "இத நம்பி ஸ்டேரிங்க ஒடிச்சா நேரா தேயிலைக்குள்ள போயி கொழுந்து பறிக்க வேண்டியதுதான்" என்பார். பின்னாலிருக்கும் பெண்கள் சிரிப்பார்கள். ஒருநாள் நான் பொறுக்காமல், "அண்ணை, அது இந்த ரோட்டிலை பழகாத ஆக்களுக்கு நட்டது" என்றேன். "பழகாதவன்தான் மிஸ் அத நம்புவான்" என்றார். பகிடியாகச் சொன்னாரா, குற்றம் சொன்னாரா என்று அன்றைக்கு நான் யோசிக்கவில்லை. அவர்மேல் எனக்கு மரியாதை இருந்தது என்று பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால் அது செல்லமான ஓர் இளக்காரம். படித்த நான் பலகை நடுகிறேன், படிக்காத இவர் பகிடி விடுகிறார் என்பதற்குமேல் அதில் எதுவும் இல்லை.

பலகைகளை நம்பாதவர்கள் எதை நம்பினார்கள் என்பதையும் அந்த முன் ஆசனத்திலிருந்துதான் பார்த்தேன். கிளையை நம்பினார்கள். வாகனம் பழுதாகி நின்றாலும், கல் உருண்டு விழுந்தாலும், பாதையோரம் இளகினாலும், முதலில் காண்கிறவர் இறங்கிக் கைக்கெட்டிய மரத்தில் கிளை முறித்துப் போடுவார். பச்சையாக இருந்தால் சங்கதி இன்றையது. வாடியிருந்தால் நேற்றையது, ஆனாலும் கவனம். கிளையே இல்லை என்றால் சங்கதி முடிந்துவிட்டது. அந்தப் பாதைச் சாரதிகளுக்குள் இதற்கு ஒரு கண்டிப்பும் இருந்தது. ஒருமுறை மேலேறும்போது மச்சான் இறங்கி, காய்ந்துபோன கிளை ஒன்றைக் காலால் ஒதுக்கப் பார்த்தார். சாரதி அண்ணன் உள்ளேயிருந்து சத்தம் போட்டார். "டேய், அத தொடாத. போட்டவன் எடுக்கணும். இல்லாட்டி சரி பண்ணினவன் எடுக்கணும்." ஒரு கிளைக்கு இவ்வளவு சட்டமா என்று நான் சிரித்தேன். எங்கள் பலகைகள் நாலு வருஷமாக ஒரே பேச்சைப் பேசிக்கொண்டு நின்றன. கிளை அன்றன்றைக்கு உள்ளதைச் சொல்லியது. அதைக் கேட்டு ஓடியவர்கள் முட்டாள்கள் இல்லை.

அது மழைக்காலத்தின் கடைசி. ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் சாரதி அண்ணன் எனக்குப் போன் எடுத்தார். வழக்கமான பகிடி எதுவும் இல்லை. "மிஸ், பதினெட்டாங் கட்டைக்கு மேல, பள்ளத்துப் பக்கம் ஓரம் வாய் பொளந்திருக்கு. மேல பாத்தா தெரியாது, இறங்கிப் பாத்தாத்தான் தெரியும். நான் கிளை போட்டிருக்கேன். காலைல ஒருக்கா போய் பாருங்க." மறுநாள் அந்தப் பதினெட்டாம் மைல்கல்லுக்குப் போனேன். அவர் சொன்னபடியே தாருக்கும் புல்லுக்கும் இடையில் வெடிப்பு ஓடியிருந்தது. என் கை உள்ளே போனது. கீழே அணைச்சுவர் வயிறு தள்ளி நின்றது. பாதையின் அந்த ஓரத்தில், மேலிருந்து வருபவருக்கும் கீழிருந்து வருபவருக்கும் தெரிகிற மாதிரி, பெரிய பெரிய கிளைகளாக வெட்டி நெருக்கமாகப் போட்டிருந்தார். மனுஷன் கத்தியோடு அரை மணித்தியாலமாவது நின்றிருக்க வேண்டும். பயணிகள் நேரம் போகிறது என்று ஏசியிருப்பார்கள்.

செய்ய வேண்டியது எனக்குத் தெரியும். தார்ப் பீப்பாக்களை ஏற்றி வந்து அந்தப் பாதி வீதியை மறிக்க வேண்டும். பீப்பா கீழே களஞ்சியத்தில் இருந்தது. ஏற்றி வர லொறி இல்லை. மறுநாள் வியாழக்கிழமை கொழும்பிலிருந்து பெரிய அதிகாரிகள் மேலே வருவதாக இருந்ததால், இருந்த ஒரே லொறி சுண்ணாம்பு வாளிகளையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு மதகுச் சுவர்களுக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தது. பலகையாவது வைப்போம் என்று பார்த்தால் புதுப் பலகையும் இல்லை. அங்கிருந்து கொஞ்சம் கீழே, எந்த அபாயமும் இல்லாத இடத்தில் நாலு வருஷமாக நின்ற மண்சரிவுப் பலகை ஒன்றைப் பிடுங்கி வந்து வெடிப்புக்கு முன்னால் நடச் செய்தேன். சட்டப்படி சரியான பலகை, சரியான தூரம், சரியான உயரம். அந்த நேரத்தில் பொறியியலாளர் போன் எடுத்தார். நாளைக்குப் பாதை முழுக்கச் சுத்தமாக இருக்க வேண்டும், ஒரு குப்பை தெரியக்கூடாது என்றார். வெடிப்பைச் சொன்னேன். பலகை வைத்தாகிவிட்டதா என்று கேட்டார். வைத்தாகிவிட்டது என்றேன். அப்படியென்றால் பீப்பாவை வெள்ளிக்கிழமை பார்க்கலாம் என்றார்.

எங்களோடு ஒரு வீதித் தொழிலாளி இருந்தார். வயதானவர், அந்தப் பாதையிலேயே பிறந்து வளர்ந்தவர். அவர்தான் கேட்டார். "மிஸ், இந்தக் கிளை பஸ்காரரு போட்டது. எடுக்கவா, வேணாமா?" அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்ற நிலை எனக்கு இன்னும் தெரிகிறது. அதை எடுக்க அவருக்கு மனமில்லை. அதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் சொன்னேன். "பலகை வைச்சாச்சுதானே. உந்தக் குப்பையளை எல்லாம் எடுங்கோ." அவர் எடுத்தார். ஒவ்வொன்றாக எடுத்துத் தேயிலைக்குள் வீசினார். பிறகு நான் சுத்தமான பாதையையும் மஞ்சள் பலகையையும் போனில் படம் பிடித்து அலுவலகத்துக்கு அனுப்பினேன்.

சாரதி அண்ணனுக்கு ஒரு போன் எடுத்திருக்கலாம். அவருடைய இலக்கம் என்னிடம் இருந்தது. நாளைக் காலை பஸ்ஸில் சொல்லலாம் என்று நினைத்ததாக ஞாபகம். இதையும் நம்ப வேண்டாம். அப்படி நினைத்தேனா, பிறகு எனக்காக நானே அப்படி உண்டாக்கிக்கொண்டேனா என்று எனக்கே நிச்சயம் இல்லை. எப்படியும் வியாழக்கிழமை நான் பஸ்ஸில் போகவில்லை. அதிகாரிகள் வருவதால் அலுவலக வாகனம் விடிய முன்னமே என்னை ஏற்ற வந்தது. முன் ஆசனம் அன்றைக்கு வெறுமையாகப் போனது.

சாரதி அண்ணன் மேலேறி வந்தபோது பனிமூட்டம் இறங்கியிருந்தது. பதினெட்டாம் கட்டை தாண்டியதும் எதிரே ஓர் உல்லாச விடுதியின் வான் வந்தது. சூரிய உதயம் பார்க்கப் போனவர்களை ஏற்றிக்கொண்டு இறங்கியது. பாதை ஒடுக்கம். அந்த இடத்தில் ஏறுகிறவர் ஓரம் கொடுத்தால்தான் இறங்குகிறவர் போகலாம். அவர் இடப்பக்கம் ஒதுங்கிக் கொடுத்தார். இடப்பக்கம்தான் பள்ளம். அவர் பலகையைப் பார்த்தார். கிளையையும் தேடினார். கிளை இல்லை. தான் போட்ட கிளையை ஒருவர் எடுத்திருக்கிறார் என்றால் அவர் சரி செய்தவராகத்தான் இருக்க வேண்டும். அலுவலக மிஸ்ஸிடம் சொன்னோம், மிஸ் போய்ப் பார்த்துச் சரி செய்துவிட்டார் என்று நினைத்தார். நினைத்தார் என்று சும்மா ஊகித்து எழுதவில்லை, அவரே என்னிடம் சொன்னார். ஓரம் உடைந்தது. பஸ் மெதுவாகத்தான் சாய்ந்ததாம். இரண்டு தட்டுத் தேயிலைக்குக் கீழே பக்கவாட்டில் படுத்தது. உள்ளே இருந்தவர்களுக்குக் கையும் தோளும் முறிந்தன. மிதிபலகையில் நின்ற மச்சான் பஸ்ஸின் அடியில் போனார்.

இரண்டு நாள் கழித்து அறிக்கை எழுதினேன். அதற்கென்று ஒரு படிவம் இருக்கிறது. எச்சரிக்கைக் குறியீடு வைக்கப்பட்டிருந்ததா என்று ஒரு கேள்வி. ஆம். பார்வைக்குத் தெளிவாக இருந்ததா. ஆம். சான்று உண்டா. உண்டு, புகைப்படம் இணைக்கப்பட்டுள்ளது. கிளை இருந்ததா, யார் போட்டார், யார் எடுத்தார் என்று படிவத்தில் எங்கும் கேட்கவில்லை. கேட்காததை நான் சொல்லவில்லை. பொறியியலாளர் வாசித்துவிட்டு, நல்லவேளை படம் எடுத்து வைத்தாய் என்றார். அந்த ஒரு கணம் எனக்குப் பெருமையாக இருந்தது. பிணம் எடுத்து இரண்டு நாள் ஆகவில்லை, எனக்குப் பெருமையாக இருந்தது. இதை எழுதாமல் விட்டால் இந்தக் குறிப்பை எழுதுவதில் அர்த்தமில்லை. அறிக்கையில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. பலகை இருந்தது. அதைவிடப் பெரிய பொய்யை நான் அதற்கு முன்னும் பின்னும் எழுதியதில்லை.

இரண்டு கிழமை போயிருக்கும். சாரதி அண்ணன் பிணையில் வந்த பிறகு அலுவலகத்துக்கு வந்தார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, நெற்றியில் தையல். உள்ளே வராமல் வாகனங்கள் நிறுத்தும் கொட்டகைக்குப் பக்கத்தில் நின்றார். நான் போனதும் முதலில் என் சுகம் விசாரித்தார். தேத்தண்ணி குடிக்கிறீர்களா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினார். பிறகு மெதுவாகச் சொன்னார். "போர்ட மதிக்காம ஓட்டுனேன்னு சொல்றாங்க மிஸ். போர்டு இருந்திச்சு, நான் இல்லேன்னு சொல்லல. பாத்தேன். அது நாலு வருசமா அந்தப் பக்கந்தான நிக்குது. ஆனா கிளை இல்ல. நீங்க பாத்துச் சரி பண்ணிட்டீங்கன்னு நெனச்சிட்டேன்." கிளையை எடுத்தது யார் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. தொழிலாளி சொல்லியிருக்க வேண்டும். அவர் குரலில் கோபம் இல்லை. கோபித்திருந்தால் நானும் கோபித்துத் தப்பியிருப்பேன்.

"கோர்ட்டுல வந்து சொல்லுங்கன்னு நான் கேக்கல மிஸ். உங்க வேலைக்கு அது சரிவராது, எனக்குத் தெரியும். வீட்டுல மட்டும் ஒருக்கா சொல்லுங்க. என் வீட்டுக்காரிகிட்டயும் மாமிகிட்டயும். கிளை போட்டிருந்திச்சு, அத நாங்க எடுத்துட்டோம்னு. அவ்ளோதான். நான் சொன்னா அவங்க நம்ப மாட்டேங்கிறாங்க. அவங்களுக்கு மகன் போயிட்டாரு, இவளுக்கு அண்ணன் போயிட்டாரு. நான் திமிர்ல ஓட்டிக் கொன்னுட்டேன்னு இருக்காங்க. நீங்க சொன்னா நம்புவாங்க." இவ்வளவுதான் கேட்டார். ஒரு வீட்டுக்குப் போய் ஒரு வசனம் சொல்ல வேண்டும். வழக்குக் கட்டு இல்லை, கையெழுத்து இல்லை. நான், "பாப்பம் அண்ணை" என்றேன். எங்கள் ஊரில் இல்லை என்று சொல்ல மனமில்லாதவர்கள் சொல்வது அது. அவருக்கு அது தெரியவில்லை. சரிங்க மிஸ் என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

ஏன் போகவில்லை என்று பல தடவை என்னையே கேட்டிருக்கிறேன். வழக்கு முடியும்வரை அந்தக் குடும்பத்துப் பக்கம் தலைவைத்துப் படுக்காதே என்று பொறியியலாளர் சொன்னார். அது ஒரு சாட்டு. என் நியமனத்தை நிரந்தரமாக்கும் கடிதம் அந்த மாதம் வர இருந்தது. அது இன்னொன்று. கடிதம் வந்தது. வழக்கும் முடிந்தது. சட்டத்தரணி சொன்னபடி சாரதி அண்ணன் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அனுமதிப்பத்திரம் பறிபோனது, ஒத்திவைத்த சிறைத்தண்டனை. அதன் பிறகு எந்தச் சாட்டும் இல்லை, ஆனாலும் நான் போகவில்லை. வெட்கம் என்று சொன்னால் அழகாக இருக்கும். முதலில் அது பயம். பிறகு சோம்பல். இவ்வளவு நாள் கழித்து எப்படிப் போவது என்ற யோசனை. அந்த யோசனையிலேயே இன்னும் நாள் போனது. மனைவி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தாய் வீட்டுக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். அவர் தனியாக ஓர் அறை எடுத்து இருந்தார். ஸ்டேரிங்கைத் தவிர வேறொன்றும் பிடித்தறியாத மனுஷன் கூலிக்கு அலைந்தார்.

மூன்று வருஷம் கழித்து அவரை ஒரே ஒருமுறை கண்டேன். தம்புள்ளை மரக்கறிச் சந்தைக்குப் பக்கத்தில் எங்கள் வாகனம் நெரிசலில் நின்றது. அவர் முட்டைக்கோவா மூட்டை ஒன்றை முதுகில் வைத்துக்கொண்டு குறுக்கே போனவர், என்னைக் கண்டு மூட்டையை இறக்கி வைத்துவிட்டு ஜன்னலுக்கு வந்தார். முகம் கறுத்து ஒட்டியிருந்தது. "சுகமா மிஸ்?" என்றார். சுகம் என்றேன். "இன்னும் போர்டு நடுறீங்களா?" ஓம் அண்ணை என்றேன். "நடுங்க, நடுங்க" என்றார். சிரிக்கவில்லை. வாகனம் நகர்ந்தது. வீட்டில் சொன்னீர்களா என்று அவர் கேட்கவில்லை, நானும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவர் கேட்காமல் விட்டது எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

போன வருஷம் அந்த வீதித் தொழிலாளி போன் எடுத்தார். ஓய்வு பெற்றுவிட்டார், என்றாலும் பெருநாளுக்குப் பெருநாள் எடுப்பார். அன்று பெருநாள் இல்லை. "அந்த பஸ்காரரு போயிட்டாரு மிஸ்" என்றார். சந்தைக்குப் பக்கத்தில் அறையில் படுத்திருந்தவர் காலையில் எழும்பவில்லையாம். நெஞ்சு. அடக்கத்துக்கும் நான் போகவில்லை. போய் எந்த முகத்தோடு நிற்பது. ஆனால் அதன் பிறகு எனக்குள் ஏதோ ஒன்று என்னை விடவில்லை. வேலையில் இருக்கும்போது, சாப்பிடும்போது, யாராவது என்னை மரியாதையாக மிஸ் என்று கூப்பிடும்போது, அவர் கேட்ட அந்த ஒரு வசனம் நினைவுக்கு வந்தது. நாவுலப் பாதையில் அந்த லொறியையும் கிளையையும் கண்ட நாளுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, காலைப் பஸ்ஸில் ஏறி ரத்தோட்டைக்கு மேலே போனேன். பதினெட்டாம் கட்டையில் இப்போது கொங்கிறீட் சுவர் கட்டியிருக்கிறது. அந்தப் பலகையும் நிற்கிறது. பஸ்ஸில் யாரும் அதைப் பார்க்கவில்லை.

மாமியின் வீட்டை விசாரித்துப் போனேன். தோட்டத் தொழிலாளர் இருக்கும் லயத்துக்குக் கொஞ்சம் தள்ளிக் கட்டிய தனிவீடு. சாரதி அண்ணனின் மனைவி பூசை முடிந்து வந்து, சட்டைத் துணி வெட்டிக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொன்னதும் கத்தரிக்கோலை வைத்துவிட்டு எழும்பினார். "தெரியும் மிஸ். பஸ்ஸுல முன் சீட்டுல வருவீங்க" என்று கதிரையை இழுத்துப் போட்டார். மாமியைக் கேட்டேன். இரண்டு வருஷத்துக்கு முன்னமே காலமாகிவிட்டாராம். சுவரில் மச்சானின் படத்துக்கு மாலை இருந்தது. சாரதி அண்ணனின் படம் இல்லை. நான் வழியெல்லாம் கோத்து வைத்திருந்த முன்னுரைகள் ஒன்றும் வாயில் வரவில்லை. சாரதி அண்ணன் கேட்ட அந்த வசனத்தை மட்டும் சொன்னேன். வெடிப்பில் அவர் கிளை போட்டிருந்தார். அதை நான்தான் எடுக்கச் சொன்னேன். கிளை இருந்திருந்தால் அவர் ஓரத்துக்குப் போயிருக்க மாட்டார்.

அழுவார், ஏசுவார், வெளியே போ என்பார் என்று எல்லாவற்றுக்கும் ஆயத்தமாகப் போயிருந்தேன். அவர் மேசையில் கிடந்த துணியை மடிக்கத் தொடங்கினார்.

"அவரு சொன்னாரு மிஸ். அப்பவே சொன்னாரு. இப்பிடித்தான், நீங்க சொன்ன மாதிரியேதான் சொன்னாரு. அம்மாதான் கேட்டாங்க, அது நெசமா இருந்தா அந்த மிஸ் ஒருக்கா வந்து சொல்லியிருக்க மாட்டாங்களான்னு. படிச்ச புள்ள, அப்பிடி ஒரு பழிய ஏழை மேல போட்டுட்டுச் சும்மா இருக்குமான்னு கேட்டாங்க. எனக்கும் அது சரின்னுதான் பட்டுச்சு."

துணியை மடித்து முடித்தார். மறுபடி பிரித்தார்.

"மொத வருசம் பூரா ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம போன் எடுப்பாரு. புள்ளைங்க சுகமான்னு கேட்டுட்டு, மிஸ் வந்தாங்களான்னு கேப்பாரு. இல்லேன்னு சொல்லுவேன். பொறவு அத கேக்கிறத விட்டுட்டாரு. புள்ளைங்களப் பத்தி மட்டும்தான் கேப்பாரு."